மலையடிவாரக் குளத்தங்கரையில் டென்ட் போட்டுத் தங்கலாமா? யாரிடம் கேட்க வேண்டும்?

#1 பாளை சைக்கிள்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாள் ஆசை ஒன்று. நம் நெல்லைப் பக்கத்து மேற்கு மலைக்கு அடியில், காட்டை ஒட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத சின்னக் குளம் ஒன்றின் பக்கத்தில் டென்ட் போட்டு ஒரு ராத்திரி இருக்க வேண்டும். நான், என் தம்பி, அவன் மகன். பையனுக்குப் பத்து வயது. தெருவிளக்கு இல்லாத இருட்டை இதுவரை பார்த்ததே இல்லை என்று பேச்சுவாக்கில் சொன்னான். அதிலிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை.

போன வருஷம் இதே ஆசையில் ஒரு தப்புப் பண்ணினேன். இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போட்ட ஒரு குழுவிடம் பணம் கட்டிப் போனேன். அனுமதி வாங்கியாச்சு என்றார்கள். எல்லைக் கல்லைத் தாண்டிக் காட்டுக்குள் ஓடைத் தண்ணீர் தேங்கின இடத்தில் டென்ட் போட்டார்கள், நெருப்பு மூட்டினார்கள், சத்தமாகப் பாட்டு வைத்தார்கள். எட்டரை மணிக்கு வேட்டைத் தடுப்புக் காவலர்கள் வந்துவிட்டார்கள். அனுமதி ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டி இருட்டில் இறங்கினோம், அபராதமும் கட்டினோம். இறங்கும்முன் காவலர் ஒருவர் எங்கள் டென்டுக்கு இருபதடி தள்ளிப் புதிதாகக் கிளறிக் கிடந்த கறையான் புற்றை டார்ச் அடித்துக் காட்டினார். முந்தின ராத்திரி கரடி வந்து தோண்டியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்கு நன்றிதான் வந்தது.

இந்த முறை ஒழுங்காகக் கேட்டுச் செய்ய நினைக்கிறேன். எங்கே போகலாம், யாரிடம் கேட்க வேண்டும், எந்த மாதம் நல்லது?

#2 அடிவாரத்து விவசாயி

தம்பி, முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். மீதி தானாக வரும்.

மலைமேல் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறையை 1962இல் சரணாலயம் ஆக்கினார்கள், களக்காட்டை 1976இல், சிங்கவால் குரங்குக்காக. 1988இல் இரண்டையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆனது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. சுமார் 895 சதுர கிலோமீட்டர். அதற்குள் எந்த நீர்நிலைப் பக்கமும் நீங்களாகப் போய் டென்ட் போட முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அனுமதியில்லாமல் உள்ளே போவதையும் தங்குவதையும் தடுக்கிறது. 30ஆம் பிரிவு தீ வைப்பதைத் தடுக்கிறது. உங்களைக் கூட்டிப்போன குழு இரண்டையும் மீறியிருக்கிறது.

ஆனால் உங்கள் ஆசைக்குக் காட்டுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. கடையத்திலிருந்து களக்காடு வரை அடிவாரம் முழுக்கக் குளங்கள்தான். சிலவற்றின் உள்வாய் (தண்ணீர் தேங்கும் உள்பக்கம்) காட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். இந்தப் பக்கம் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால் குளத்துக் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும், தண்ணீர் மலையைப் பார்த்து விரிந்து கிடக்கும். மிளா மான், பன்றி, கரடி எல்லாம் தண்ணீர் குடிக்க வருவது அந்த மேற்குப் பக்கம். நீங்கள் தங்க வேண்டியது கிழக்கே, கரைக்கு வெளியே, மடைக்குப் பக்கத்துத் தோப்பில். நடுவில் குளமும் கரையும் இருக்கும். அதுகள் பாட்டுக்கு அதுகள், நீங்கள் பாட்டுக்கு நீங்கள்.

யாரைக் கேட்பது? தோப்பு யாருடையதோ அவரை முதலில். அப்புறம் ஊரில் தண்ணீர் பாய்ச்சுகிற பெரியவரை. குளத்தைப் பற்றி அவரைவிடத் தெரிந்தவர் கிடையாது. மூன்றாவதாக மீன் குத்தகைக்காரரை. இதைப் பலரும் விட்டுவிடுவார்கள். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவர் ராத்திரி காவல் போட்டிருப்பார். முன்பின் தெரியாத மூன்று பேர் கரைப் பக்கம் டார்ச்சோடு அலைந்தால் மீன் திருட வந்ததாகத்தான் நினைப்பார். அவர் நினைப்பதில் தப்பில்லை. குளம் காட்டு எல்லையை ஒட்டி இருந்தால் அந்த வனச்சரக அலுவலகத்திலும், பக்கத்துக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

#3 உப்பளத்தான்

இவ்வளவு பேரைக் கேட்டுத்தான் ஒரு ராத்திரி படுக்க வேண்டுமா? ஆளில்லாத இடம் வேண்டும் என்றுதானே அவர் கேட்கிறார்.

#4 அடிவாரத்து விவசாயி

ஆளில்லாத குளம் என்று இங்கே ஒன்றும் இல்லை தம்பி. பார்க்க அப்படி இருக்கும். மடையைத் திறக்க ஒருவர் வருவார், விடிகாலை மாடு குளிப்பாட்ட ஒருவர் வருவார், கிடை போட்ட ஆட்டுக்காரர் வயலில் படுத்திருப்பார். பனைப் பக்கம் பருவத்துக்குப் பனையேறிக் குடும்பம் விடிலி என்கிற ஓலைக் குடிசை போட்டு மாதக்கணக்கில் இருக்கும். வானத்துக்குக் கீழே படுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. அவர்கள் எல்லோரும் யாரையாவது கேட்டுத்தான் படுத்தார்கள்.

#5 தென்காசி பைக்கர்

மாஞ்சோலை, குதிரைவெட்டிப் பக்கம் போட முடியாதா? மேலே அருமையாக இருக்குமே.

#6 அடிவாரத்து விவசாயி

முடியாது. மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டினாலே காப்பகம். பகலில் போய் வருவதற்கே அனுமதி வேண்டும். அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். காட்டுக்குள்ளேயே நடக்க ஆசையென்றால் அரசே 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இருக்கிறது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், நம் மாவட்டத்திலும் உண்டு, வழிகாட்டியோடு அனுப்புவார்கள்.

#7 வி.கே.புரத்து அக்கா

தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில்தான் ஞாபகம் வந்தது. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுப் பக்கம் குடில் கட்டித் தங்குவோம். எங்கள் ஆச்சி காலத்தில் அரிசி, பருப்பு, உரல் உலக்கை முதற்கொண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நாள்கணக்கில் இருப்பார்களாம். என் சின்ன வயதில் ஓலைத் தடுக்குக்கு நடுவே படுத்துக்கொண்டு ஆற்றுச் சத்தம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இப்போது வனத்துறை நாள்களைக் குறைத்துவிட்டார்கள், பிளாஸ்டிக்கைச் சோதித்து எடுத்துவிடுகிறார்கள். ஆரம்பத்தில் எங்களுக்கும் வருத்தம்தான். ஆனால் திருவிழா முடிந்த மறுநாள் ஆற்றில் மிதக்கிற பழைய துணியையும் பாலிதீனையும் பார்த்தவர்கள் யாரும் அந்தக் கட்டுப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் ஒருநாள் பொறுக்கியிருக்கிறேன்.

குழந்தையைக் கூட்டிப்போவதால் சில விஷயம் சொல்கிறேன். கழிப்பறைக்கு என்ன செய்வது என்று முதலிலேயே யோசியுங்கள். தண்ணீரிலிருந்து நன்றாகத் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் குழி தோண்டி மூட வேண்டும். மண்வெட்டி இல்லாவிட்டால் களைக்கொத்து போதும். குளத்து உள்வாயில் கூடவே கூடாது, அந்தத் தண்ணீரில்தான் ஆடு மாடு வாய் வைக்கும். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கேனில் கொண்டுபோங்கள். குளத்துத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம். காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட வேண்டாம். மதியம் வீட்டிலேயே உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் கட்டிக்கொள்ளுங்கள், ராத்திரிவரை தாங்கும். காலையில் அடுப்பு வைக்க வசதி இருந்தால் கூட்டாஞ்சோறு. ஒரே பாத்திரம், அரிசி, பருப்பு, முருங்கைக்கீரை, கத்தரிக்காய், மாங்காய் கிடைத்தால் ஒரு துண்டு. தேங்காயும் சீரகமும் வீட்டிலேயே அரைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டால் முக்கால் மணி நேர வேலை. தை மாதம் போனால் பனங்கிழங்கு அவித்துக்கொண்டு போங்கள், பையன் ராத்திரி முழுக்க நார் உரித்துக்கொண்டு இருப்பான்.

#8 உப்பளத்தான்

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காராமல் என்ன டென்ட்? விலங்கும் அண்டாதே.

#9 வண்ணார்பேட்டை வாத்தியார்

நெருப்பைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போன குழு காட்டுத்தீயில் சிக்கியது, 23 பேர் இறந்தார்கள். என்னிடம் படித்த மாணவர்களை அதற்கு முன் நான் மலைக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாசி பிறந்தால் நம் அடிவாரத்துப் புல் சருகாகிவிடும். மேற்கே சரிவு, மேலே காடு. தீ எப்போதும் மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், அதற்கு முன்னால் ஓடுகிற மனிதனைவிட வேகமாக. அணைத்துவிட்டோம் என்று நினைக்கிற கரித்துண்டு சாம்பலுக்குள் மறுநாள்வரை உயிரோடு இருக்கும். காட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதைச் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. சமைக்கச் சின்னக் கியாஸ் அடுப்பு போதும், தரையைச் செதுக்கி அதன்மேல் வைக்க வேண்டும். டென்டுக்குள் ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. கரடியும் பன்றியும் பெரும்பாலும் மனித வாடைக்கும் பேச்சுக்குமே விலகிப் போகும். அவற்றை இழுப்பது டென்டுக்குள் வைத்த பழமும் கருப்பட்டியும்தான். தின்பண்டத்தை மூடின டப்பாவில் வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

இன்னொன்று. நெருப்பு வைத்தால் அதைச் சுற்றிப் பத்தடிதான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் கறுப்பு. நெருப்பை விட்டுவிட்டு இருபது நிமிஷம் பொறுத்து உட்கார்ந்தால் கண் பழகி, எதிரே மலையின் விளிம்பு தெரியும், தண்ணீரில் நட்சத்திரம் தெரியும். பையனுக்குக் காட்ட நினைத்த இருட்டு அதுதானே?

அமாவாசையை ஒட்டிப் போங்கள். தை மாதம் ஒன்பது, பத்து மணிக்குத் தெற்கே பாருங்கள். உயரே பளீரென்று தெரியும் சிரியஸ் நட்சத்திரத்துக்குக் கீழே, தெற்கு வானத்தில் தனியாக ஒரு பெரிய நட்சத்திரம் நிற்கும். அகத்திய நட்சத்திரம் என்று சொல்வது அதைத்தான். ராத்திரி வானத்து நட்சத்திரங்களில் இரண்டாவது பிரகாசமானது. வடக்கே போகப் போக அது தொடுவானத்துக்கு இறங்கிவிடும், டெல்லியில் தரையை ஒட்டித்தான் பார்க்க முடியும். நமக்கோ நல்ல உயரத்தில் நிற்கும். பொதிகைக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பதில் எனக்கு இந்த வயதிலும் சந்தோஷம் குறையவில்லை.

#10 உப்பளத்தான்

வாத்தியார் ஐயா, இருபது நிமிஷம் விஷயம் நான் யோசிக்காதது. நெருப்பை விட்டுவிடுகிறேன்.

#11 கூடாரப் பிரியன்

டென்ட் பற்றி நான் சொல்கிறேன், பத்துப் பன்னிரண்டு தடவை போட்ட அனுபவம்.

இரட்டைத் துணி உள்ளது வாங்குங்கள். உள்ளே வலை, மேலே மழைத்துணி. ஒற்றைத் துணி டென்டில் தைப் பனிக்கு விடியும்போது உள்பக்கமெல்லாம் தண்ணீர் கோத்துச் சொட்டும், ஓட்டை என்று நினைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். அது நம் மூச்சுக்காற்றின் ஈரம்தான். இரண்டு பக்கமும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் பாதி குறையும். கீழே தனியாகத் தார்ப்பாய் விரிக்கும்போது அது டென்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் மழைத் தண்ணீரைப் பிடித்து உள்ளே அனுப்பும்.

இடம் பார்ப்பதுதான் முக்கியம். ஓடைத் தடத்தில் வேண்டவே வேண்டாம். காய்ந்து மணலாக, படுக்க மெத்தைபோல் இருக்கும். மலைமேல் மழை பெய்தால் உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லாமலே தண்ணீர் வரும். தென்னைக்கும் பனைக்கும் நேர் கீழே வேண்டாம், மட்டை விழும். பட்ட கிளை உள்ள மரத்தடியும் வேண்டாம். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது அடிவாரத்தில் டென்ட் நிற்காது, முளையோடு பிடுங்கிக்கொண்டு போகும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பங்குனிக்கு மேல் குளம் வற்றத் தொடங்கும், புல்லும் காய்ந்திருக்கும். ஆகவே தை, மாசி முதல் பாதி. அவ்வளவுதான் நமக்கு இருக்கிற காலம்.

#12 அடிவாரத்து விவசாயி

கூடாரப் பிரியன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குளத்துக் கரைமேல் முளை அடிக்காதீர்கள், வண்டி ஏற்றாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்த ராத்திரி எங்கள் ஊர் ஆம்பிளைகள் எல்லோரும் மணல் மூட்டையோடு, உபரித் தண்ணீர் வெளியேறும் மறுகாலிலும் கரையிலும்தான் நின்றோம். கரையில் யார் கம்பி இறக்கினாலும் எங்களுக்கு வயிறு கலங்கும்.

அதைவிட முக்கியமானது இது. தை மாதம் பிசான நெற்பயிர் கதிரோடு நிற்கும். பன்றிக்குக் காவல் இருப்போம், வெடி போடுவோம், பயப்படாதீர்கள். ஆனால் சில இடங்களில் சட்டத்துக்கு விரோதமாக வயல் வேலியில் மின்சாரம் விட்டிருப்பார்கள். யானையும் செத்திருக்கிறது, மனிதரும் செத்திருக்கிறார்கள். இருட்டின பிறகு வரப்பில் நடக்கவே கூடாது. பையன் கையை விடாதீர்கள்.

#13 செவிலியர், அம்பை

பாம்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. ராத்திரி கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். தரையில் படுப்பவரின் போர்வைக்குள் வந்துவிடும், கடித்தால் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. விடியும்போது கண் இமை தொங்கும், வயிறு வலிக்கும், விழுங்க முடியாது. அஜீரணம் என்று நினைத்துவிடுவார்கள். டென்டின் ஜிப்பை எப்போதும் மூடியே வையுங்கள், செருப்பை உதறிப் போடுங்கள். கடித்துவிட்டால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, நடக்க விடக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு வாருங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே போன் சிக்னல் கிடைக்கிறதா, ஆம்புலன்ஸ் எதுவரை வரும் என்று பகலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

#14 பாளை சைக்கிள்காரன்

போய்விட்டு வந்தேன்! தை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை.

அதற்கு முந்தின வாரமே நான் மட்டும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தோப்புக்காரர் முதலில் யோசித்தார். முன்பு யாரோ வந்து பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்களாம், அவருடைய மாட்டுக்குக் காலில் குத்திவிட்டது. குடிக்க மாட்டோம், நெருப்பு மூட்ட மாட்டோம், பையன் வருகிறான் என்றேன். பையன் வருகிறான் என்றதும் சரி என்றார். தண்ணீர் பாய்ச்சும் தாத்தாவிடம் அவரே கூட்டிப்போனார். மீன் குத்தகைக்காரர் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ராத்திரி கரைமேல் ஏறுவதாக இருந்தால் சொல்லிவிட்டு ஏறச் சொன்னார். வனச்சரக அலுவலகத்தில் இடத்தைக் கேட்டுவிட்டு, எல்லைக்கு வெளியேதான், மேற்குப் பக்கம் போகாதீர்கள் என்றார்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தாத்தாதான் டென்ட் போட இடம் காட்டினார். நான் பார்த்து வைத்த இடத்தை வேண்டாம் என்றுவிட்டார், மடை கசிந்தால் அங்கே ஊறுமாம். அவர் சொன்ன இடம் ஒரு மருதமரத்துக்குப் பக்கத்தில், பத்தடி மேடு. சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் சட்டென்று குளிர் இறங்கியது. தண்ணீர் மட்டும் ரொம்ப நேரம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டிருந்தது. கூழைக்கடா ஏழெட்டு வந்து இறங்கின. பையன் எண்ணி நோட்டில் எழுதினான். எட்டுதான் என்று சத்தியம் பண்ணுகிறான்.

ஏழு மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்தோம். முதல் ஐந்து நிமிஷம் பையன் என் தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். வாத்தியார் சொன்ன இருபது நிமிஷம் ஆவதற்குள் கையை விட்டுவிட்டான். கிழக்கே ஊர் வெளிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது, ஆனால் கரை அதை மறைத்துவிட்டது. ஒன்பதரைக்கு மீன் குத்தகைக்காரருக்குப் போன் பண்ணிவிட்டுக் கரைமேல் ஏறினோம். தெற்கே அகத்திய நட்சத்திரம். தண்ணீரிலும் அது இருந்தது. யாரும் பேசவில்லை. அந்த நேரத்தில் அக்கரையிலிருந்து ஒரு சத்தம், தண்ணீருக்குள் கனமாக எதுவோ கால் வைக்கிற மாதிரி, நாலைந்து தடவை. பிறகு நின்றுவிட்டது. மறுநாள் தாத்தாவிடம் கேட்டேன், மிளாவாக இருக்கும், தினமும் வரும் என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

விடிகாலையில் நடந்ததை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சூரியன் நமக்குப் பின்னால் கிழக்கே வருவதால், குளமும் தோப்பும் இன்னும் இருட்டில் இருக்கும்போதே மலை உச்சியில் மட்டும் வெளிச்சம் விழுகிறது. செங்கல் நிறம். அது மெதுவாக, பாறை பாறையாக, காட்டின்மேல் இறங்கிக் கடைசியில் தண்ணீருக்கு வருகிறது. அரை மணி நேரம் ஆகிறது. கருப்பட்டிக் காபி ஆறிப்போனது தெரியாமல் நின்றேன். என் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இது தினமும் நடந்துகொண்டிருக்கிறது, எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

டென்ட் உள்ளே ஈரம் கோத்தது உண்மை, ஜன்னலைத் திறந்து வைத்தும் கொஞ்சம் சொட்டியது. அக்காவின் கூட்டாஞ்சோற்றில் தண்ணீர் கூடிவிட்டது, இருந்தும் சட்டியில் மிச்சமில்லை. தாத்தாவும் எங்களோடு சாப்பிட்டார். கிளம்பும்முன் எங்கள் குப்பையோடு கரையோரம் கிடந்ததையும் சேர்த்து ஒரு சாக்கு நிறைய எடுத்து வந்தோம்.

#15 தென்காசி பைக்கர்

அண்ணாச்சி, படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. குளத்தின் பெயரும் மேப் லிங்க்கும் போடுங்களேன்.

#16 பாளை சைக்கிள்காரன்

தம்பி, பொதுவில் போட மாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். அந்தத் தோப்பில் இரண்டு டென்டுக்குத்தான் இடம். லிங்க் போட்டால் அடுத்த வாரம் நாற்பது பைக் நிற்கும், தோப்புக்காரர் எனக்குத் தந்த வார்த்தைக்கு அர்த்தமில்லாமல் போகும்.

#17 தென்காசி பைக்கர்

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள், மற்றவர்கள் பார்க்கக் கூடாதா?

#18 வி.கே.புரத்து அக்கா

பார்க்கலாம் தம்பி. அவர் எப்படிக் கண்டுபிடித்தாரோ அதே மாதிரி. உங்கள் பக்கத்திலேயே கடையத்து அடிவாரத்தில் எத்தனை குளம் இருக்கிறது! ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போய் மடைப் பக்கம் நிற்கிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். உங்களுக்கென்று ஒரு குளமும், அங்கே உங்களைத் தெரிந்த நாலு பேரும் கிடைப்பார்கள்.

#19 தென்காசி பைக்கர்

சரி அக்கா. இந்த ஞாயிறு போய்ப் பார்க்கிறேன். பைக்கைத் தார்ச் சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து போகிறேன்.

#20 பாளை சைக்கிள்காரன்

பையன் டார்ச்சை மருதமரத்து வேரில் மறந்து வைத்துவிட்டான். தாத்தா எடுத்து வைத்திருப்பதாகத் தோப்புக்காரர் போன் பண்ணினார். வருகிற சனிக்கிழமை வாங்கப் போகிறோம். பையன் பறவை நோட்டை இப்போதே பைக்குள் எடுத்து வைத்துவிட்டான். கூடாரப் பிரியன், அந்த ஈரம் சொட்டுவதற்கு வேறு ஏதாவது வழி இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.